காதல் கடிதத்தைத் திறந்தவர்களா குற்றவாளிகள்?

2000ஆம் ஆண்டு மே மாதத்தின் முதல் வாரத்தைக் கொழும்பின் பத்திரிகை அலுவலகங்களில் பணியாற்றிய எவரும் இலகுவில் மறந்துவிட மாட்டார்கள். ஆனையிறவுப் படைத்தளம் ஏப்ரல் 22ஆம் திகதி வீழ்ந்திருந்தது. மே 3ஆம் திகதி ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கம் நாட்டைப் போர்க்கால நிலைக்குக் கொண்டுவந்து, புதிய அவசரகால ஒழுங்குவிதிகளைப் பிரகடனம் செய்து, செய்தித் தணிக்கையை மேலும் இறுக்கியது. போர்ச் செய்திகள் தணிக்கை அதிகாரியின் மேசைக்குச் சென்று திரும்ப வேண்டியிருந்த அந்த நாட்களில், கத்தரிக்கோலுக்கு அஞ்சாமல் பக்கத்தை நிரப்ப உதவியவை வெளிநாட்டுச் செய்திகளே. மறுநாள், மே 4 வியாழக்கிழமை, செய்தி முகவரகங்களின் ஊடாக வந்த ஒரு செய்தி எங்களுக்கு முதலில் வேடிக்கையாகவே தோன்றியது. ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்புடன் வரும் மின்னஞ்சலொன்று உலகெங்கும் அலுவலகக் கணினிகளை முடக்கிக் கொண்டிருக்கிறது என்பதே அச்செய்தி.

செய்தியறையில் சிரிப்பொலி எழுந்தது. காதலுக்கு ஏங்கியவர்கள் கணினியைப் பறிகொடுத்தார்கள் என்ற தொனியில் தலைப்பிட்டோம். உலகின் வேறு பல ஊடகங்களும் ஏறத்தாழ அதே பாணியையே கைக்கொண்டன. அத்தகைய தலைப்பொன்றை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தலைப்பு தவறானது. பழியை அது தவறான தலையில் சுமத்தியது. கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் அதே பழி அதே தலைகளின் மீது சுமத்தப்பட்டு வருவதனாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது.

நம்பிக்கையின் வழியே ஊர்ந்த புழு

வைரஸ் வேறு, புழு வேறு. வைரஸ் இன்னொரு நிரலில் ஒட்டிக்கொண்டு அதனோடு சேர்ந்து பயணம் செய்யும். புழுவுக்கு அத்தகைய துணை தேவையில்லை. தன்னைத் தானே பிரதிசெய்து வலையமைப்பின் வழியே ஊர்ந்து செல்லும். பிலிப்பைன்ஸின் தலைநகர் மணிலாவில் எழுதப்பட்டு இணையத்தில் விடப்பட்ட அந்தப் புழு, ஆசியாவில் அலுவலகங்கள் திறந்தபோது ஹொங்கொங்கில் பரவி, சூரியனைப் பின்தொடர்வதுபோல் ஐரோப்பாவின் காலையிலும் பின்னர் அமெரிக்காவின் காலையிலும் தலைகாட்டியது. பிரித்தானிய பாராளுமன்றத்தின் கீழ்ச்சபை தனது மின்னஞ்சல் சேவையை நிறுத்தியது. அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்டகனும் சீ.ஐ.ஏ.யும் பாதிக்கப்பட்டன. ஃபோர்ட் மோட்டார் நிறுவனம் மின்னஞ்சலைத் துண்டித்தது. பத்து நாட்களுக்குள் 45 மில்லியனுக்கு மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டதாகக் கணிக்கப்பட்டது. இழப்பு ஐந்து பில்லியன் டொலர் என்றார்கள் சிலர். பதினைந்து பில்லியன் என்றார்கள் வேறு சிலர். கணிப்புகளுக்கிடையே இத்தனை இடைவெளி இருப்பதே, நடந்ததை எவராலும் சரியாக அளக்க முடியவில்லை என்பதைக் காட்டுகிறது.

இவ்வளவையும் செய்தது சுமார் பத்து கிலோபைட் அளவேயான ஒரு சிறு கட்டளைநிரல். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விசுவல் பேசிக் கட்டளைமொழியில் அது எழுதப்பட்டிருந்தது. மின்னஞ்சலுடன் வந்த இணைப்பின் பெயர் ‘லவ் லெட்டர் ஃபோர் யூ’. அப்பெயரின் இறுதியில் இரண்டு பின்னொட்டுகள் இருந்தன. முதலாவது டி.எக்ஸ்.டி. அது சாதாரண எழுத்துக் கோப்பைக் குறிப்பது. இரண்டாவது வி.பி.எஸ். அது இயங்கக்கூடிய நிரலைக் குறிப்பது. கணினி மதிப்பது கடைசிப் பின்னொட்டை மட்டுமே. ஆனால் விண்டோஸ், தான் அறிந்த கோப்பு வகைகளின் கடைசிப் பின்னொட்டைத் திரையில் காட்டாமல் மறைத்துவிடும். அது பாவனையாளர் கேட்டுப் பெற்ற வசதியல்ல. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது. எனவே பெரும்பாலானவர்களின் கண்ணுக்குத் தெரிந்தது ஓர் எழுத்துக் கோப்பின் பெயர் மட்டுமே. எழுத்துக் கோப்பைத் திறந்தால் என்ன ஆபத்து நேர்ந்துவிடப் போகிறது?

திறந்தவுடன் மூன்று காரியங்கள் நடந்தன. முதலாவதாக, ஒளிப்படங்கள் உட்படப் பலவகைக் கோப்புகளின் மீது புழு தன்னையே எழுதி அவற்றை அழித்தது. பாடல் கோப்புகளை மாத்திரம் அழிக்காமல் மறைத்து வைத்தது. ஒளிப்படங்களைக் கணினியில் சேமிக்கத் தொடங்கியிருந்த பத்திரிகை அலுவலகங்களுக்கு இது எவ்வளவு பெரிய இடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதாக, கடவுச்சொற்களைத் திருடும் இன்னொரு நிரலைப் பிலிப்பைன்ஸிலிருந்த இணையத்தளமொன்றிலிருந்து தரவிறக்க முயன்றது. மூன்றாவதாக, அவுட்லுக் மின்னஞ்சல் மென்பொருளின் முகவரிப் புத்தகத்தைத் திறந்து, அதிலிருந்த அத்தனை பேருக்கும், அந்தக் கணினிக்குரியவரின் பெயரிலேயே, தன்னை அனுப்பி வைத்தது.

இந்த மூன்றாவது காரியத்தில்தான் விடயத்தின் உயிர் இருக்கிறது. அன்றும் இன்றும் நமக்குச் சொல்லப்படும் அறிவுரை என்ன? ‘அறிமுகமில்லாதவர்களிடமிருந்து வரும் மின்னஞ்சல்களைத் திறக்காதீர்கள்.’ ஆனால் இந்தக் கடிதம் பெரும்பாலும் அறிமுகமில்லாதவர்களிடமிருந்து வரவில்லை. மேலதிகாரியிடமிருந்தும், உடன் பணியாற்றும் நண்பரிடமிருந்தும், கடல் கடந்து வாழும் சகோதரியிடமிருந்தும் அது வந்தது. முகவரிப் புத்தகம் என்பது ஒருவரின் உறவுகளின் பட்டியல். பிள்ளைகள் டொரன்டோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் சிதறிக் கிடக்க, அவர்களின் நாலு வரி மின்னஞ்சலை வாசிப்பதற்காகத் தொலைத்தொடர்பு நிலையத்தில் மணிக்கணக்குக்குப் பணம் செலுத்திக் காத்திருந்த பெற்றோரை நாமறிவோம். மகளின் பெயரில் வரும் அன்புக் கடிதத்தைத் தாய் சந்தேகித்திருக்க வேண்டும் என்று எந்த முகத்துடன் நாம் சொல்வது? அறிவுரையைப் பின்பற்றியவர்களே அகப்பட்டுக் கொண்டார்கள் என்பதுதான் உண்மை.

தெரியாமல் நேர்ந்ததா?

இப்படியொரு தாக்குதலை எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்று அப்போது கூறப்பட்டது. இது உண்மைக்குப் புறம்பானது. 1987 டிசெம்பரில், ஜேர்மனியின் கிளவுஸ்தால் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எழுதிய நத்தார் வாழ்த்து நிரலொன்று, திரையில் எழுத்துகளால் ஒரு நத்தார் மரத்தை வரைந்து காட்டிவிட்டு, அதை இயக்கியவரின் முகவரிக் கோப்பிலிருந்த அனைவருக்கும் தன்னை அனுப்பியது. பல்கலைக்கழக வலையமைப்புகளைக் கடந்து ஐ.பி.எம். நிறுவனத்தின் உலகளாவிய உள்வலையமைப்பையே அது திணறடித்தது. அன்பான வாழ்த்து, தெரிந்தவரின் பெயர், முகவரிப் பட்டியல் ஆகிய மூன்று கூறுகளும் காதல் கடிதத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே ஒன்றுசேர்ந்து விட்டன.

அடுத்த ஆண்டு, 1988 நவம்பர் 2ஆம் திகதி, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபர்ட் மொரிஸ் விட்ட புழு, அன்றைய சிறிய இணையத்தின் சுமார் 6,000 கணினிகளை முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. அதன் விளைவாகவே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அவசரநிலைகளுக்கான முதலாவது ஒருங்கிணைப்பு நிலையம் உருவானது. 1999 மார்ச் 26ஆம் திகதி ‘மெலிசா’ வந்தது. மைக்ரோசொப்ட் வேர்ட் ஆவணத்துக்குள் ஒளிந்திருந்த அது, அவுட்லுக் முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பியது. அதை எழுதிய டேவிட் ஸ்மித் 2002இல் 20 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் அவர் புகுந்த வழி அடைக்கப்பட்டதா? பதின்மூன்று மாதங்களின் பின்னர் காதல் கடிதம் அதே முகவரிப் புத்தகத்தை, அதே அவுட்லுக்கின் ஊடாக, ஐம்பது பேர் என்ற வரம்புகூட இல்லாமல் பயன்படுத்தியது. திருடனைப் பிடித்துவிட்டோம் என்று கொண்டாடியவர்கள் கதவைப் பூட்ட மறந்துவிட்டார்கள். மறந்தார்கள் என்பதைவிட, பூட்ட விரும்பவில்லை என்பதே பொருத்தம்.

ஏனெனில் திறந்த கதவு விற்பனைக்குரிய வசதியாக இருந்தது. ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளைக் கேள்வியின்றி இயக்கலாம், ஒரு கட்டளைநிரல் மின்னஞ்சல் அனுப்பலாம், சொடுக்கியவுடன் எதுவும் இயங்கலாம் என்பவையெல்லாம் அலுவலக வேலையை இலகுவாக்கும் சிறப்பம்சங்களாக விளம்பரப்படுத்தப்பட்டன. அவற்றை உண்மையில் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலர். ஆபத்தைச் சுமந்தவர்களோ அனைவரும்.

எந்தக் கணினி முறைமைக்கும் இத்தகைய நிரல்களை எழுதலாம், ஆகவே இது தனியொரு நிறுவனத்தின் குறைபாடல்ல என்பது உற்பத்தியாளர் தரப்பின் வாதமாக இருந்தது. நியாயமாகப் பார்த்தால் இதில் பாதி உண்மை இருக்கிறது. எந்த வீட்டையும் உடைத்துப் புகலாம். ஆனால் உடைத்துப் புகுவதற்கும், பூட்டே பொருத்தாத வீட்டைக் கட்டி விற்பதற்கும் வேறுபாடு இல்லையா? அன்று மக்கின்டோஷ் கணினி வைத்திருந்தவர்கள் அதே கடிதத்தைத் திறந்தும் ஒன்றும் நேரவில்லை. விண்டோஸில் அவுட்லுக் அல்லாத வேறு மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் தமது கோப்புகளை இழந்திருக்கலாம். ஆனால் அவர்களது முகவரிப் பட்டியலுக்குக் கடிதம் போகவில்லை. அனைவரும் ஒரே மனிதர்கள், ஒரே ஆவல், ஒரே சொடுக்கு. வேறுபட்டது மென்பொருள் மட்டுமே. அவ்வாறாயின் குற்றம் மனிதனின் ஆவலில் இருந்ததா, மென்பொருளின் அமைப்பில் இருந்ததா?

ஊரெல்லாம் ஒரேயொரு நெல்லினத்தை விதைத்தால், ஒரு நோய் வந்து ஊரையே பட்டினி போடும் என்பதை எந்த விவசாயியும் அறிவார். உலகின் அலுவலகங்கள் ஒரே நிறுவனத்தின் மென்பொருளில் தங்கியிருந்ததும் அத்தகையதே. 2003 செப்டெம்பரில் டான் கீர் உள்ளிட்ட பாதுகாப்பு நிபுணர்கள் இதே வாதத்தை முன்வைத்து, மைக்ரோசொப்டின் ஏகபோகம் பாதுகாப்புக்கு ஆபத்தானது என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கீர் பணியாற்றிய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுள் மைக்ரோசொப்டும் ஒன்று. அறிக்கை வெளியானதும் அவர் வேலையை இழந்தார். உண்மை சொன்னவனுக்குக் கிடைக்கும் பரிசு எல்லாத் துறைகளிலும் ஒன்றுதான் போலும்.

பூட்டு வந்தபோது

இனி நடந்ததைப் பாருங்கள். காதல் கடிதம் பரவிச் சில வாரங்களுக்குள், 2000 ஜூனில், அவுட்லுக்குக்கான பாதுகாப்புத் திருத்தமொன்றை மைக்ரோசொப்ட் வெளியிட்டது. இயங்கக்கூடிய இணைப்புகளை அது தடுத்தது. வேறொரு நிரல் முகவரிப் புத்தகத்தைத் தொட முயன்றால் பாவனையாளரின் அனுமதியைக் கேட்டது. மெலிசாவின் பின்னர் ஓராண்டுக்கு மேலாகச் செய்ய முடியாதிருந்த வேலை சில வாரங்களில் முடிந்துவிட்டது! முடியாமை என்பது தொழில்நுட்பத்தில் இருக்கவில்லை, மனத்திலேயே இருந்தது என்பதற்கு வேறு சான்று எதற்கு?

ஆயினும் அத்திருத்தத்தைத் தேடிப் பொருத்தியவர்கள் மாத்திரமே பயனடைந்தார்கள். 2001இல் ‘கோட் ரெட்’, ‘நிம்டா’ ஆகிய புழுக்கள் வந்த பின்னர்தான், 2002 ஜனவரி 15ஆம் திகதி பில் கேட்ஸ் தமது ஊழியர்களுக்கு எழுதிய புகழ்பெற்ற மடலில், புதிய வசதியா பாதுகாப்பா என்ற தெரிவு வரும்போது பாதுகாப்பையே தெரிவுசெய்ய வேண்டும் என்று பணித்தார். 2003இல் ‘பிளாஸ்டர்’, ‘சோபிக்’, 2004 ஜனவரியில் ‘மைடூம்’ என்று அலை ஓயவில்லை. 2004 ஓகஸ்டில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சேவைப் பொதியிலேயே தீச்சுவர் எவரும் கேட்காமலே இயங்கும் நிலையில் வந்தது. இணையத்திலிருந்து வரும் ஆவணங்களுக்குள் ஒளிந்திருக்கும் மெலிசா வகைக் கட்டளைகளை இயல்பாகவே தடுக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது 2022இல். மெலிசா வந்து இருபத்து மூன்று ஆண்டுகளின் பின்னர்! காதல் கடிதத்துக்கு முகமூடி அணிவித்த அந்தப் பின்னொட்டு மறைப்போ, விண்டோஸ் 11 வெளிவந்தபோதும் இயல்புநிலை அமைப்பாகவே தொடர்ந்தது.

காதல் கடிதம் கணினிப் பாதுகாப்பை மாற்றியது என்பது உண்மை. மின்னஞ்சல் பாவனையாளரை வந்தடையும் முன்னரே வாசலில் வைத்துச் சோதிக்கும் முறை பரவியது. அமெரிக்காவின் கணக்காய்வு அலுவலகம் 2000 மே 18ஆம் திகதியே காங்கிரஸ் சபையிடம், எச்சரிக்கை வழங்கும் ஏற்பாடுகளும் ஒருங்கிணைப்பும் போதாதவை என்று சாட்சியமளித்தது. அதன் பின்னரான ஆண்டுகளில் நாடு தோறும் அவசரநிலை அணிகள் உருவாகின. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் பெரும் சந்தையாக வளர்ந்தது. ஓட்டையுள்ள பொருளை வாங்கியவரே, அந்த ஓட்டையை அடைக்கும் பொருளுக்கும் ஆண்டுதோறும் பணம் கட்டலானார். 2006இல் மைக்ரோசொப்டே அத்தகைய கட்டணச் சேவையொன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதைத்தான்.

2002இன் வாக்குறுதி எவ்வளவு காலம் நின்றது? 2023இல் அதே நிறுவனத்தின் இணையவழி மின்னஞ்சல் சேவைக்குள் புகுந்தவர்கள், அமெரிக்க வர்த்தகச் செயலாளரின் அஞ்சல் பெட்டியையும் வாசித்தார்கள். அதை ஆராய்ந்த அமெரிக்க இணையப் பாதுகாப்பு மீளாய்வுச் சபை 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, அந்த ஊடுருவல் தடுத்திருக்கக் கூடியது என்றும், நிறுவனத்தின் பாதுகாப்புக் கலாசாரம் போதாதது என்றும் ஒளிவுமறைவின்றிக் கூறியது. இதையெல்லாம் அறிந்த பின்னரும், ‘பாவனையாளரின் கவனக்குறைவே காரணம்’ என்று பாடம் நடத்துபவர்களைக் காணும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மணிலாவின் மாணவனும் மணிலாவின் பத்திரிகையாளரும்

புழுவை எழுதியவனை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. ஒனெல் டி குஸ்மான் என்ற அந்த மாணவர் மணிலாவின் ஏ.எம்.ஏ. கணினிக் கல்லூரியில் பயின்றவர். பிறரின் இணையக் கடவுச்சொற்களைக் களவாடும் நிரலொன்றைத் தமது ஆய்வுக்கு முன்மொழிந்தார். கல்லூரி அதை நிராகரித்தது. மே 11ஆம் திகதி நடந்த செய்தியாளர் சந்திப்பில் கறுப்புக் கண்ணாடியுடனும் கைக்குட்டையால் மறைத்த முகத்துடனும் தோன்றி, தவறுதலாக அது வெளியேறியிருக்கக் கூடும் என்று மழுப்பினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னர், மணிலாவில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் அவரைக் கண்டுபிடித்த பிரித்தானியப் பத்திரிகையாளர் ஜெஃப் வைட்டிடம் உண்மையை ஒப்புக்கொண்டார். இணையத்துக்குப் பணம் கட்ட வசதியில்லை, அதனால் கடவுச்சொற்களைத் திருட எழுதினேன் என்றார். வறுமை திருட்டுக்குக் காரணமாகலாம்; நியாயமாகாது. முன்பின் அறியாத எத்தனையோ பேரின் குடும்பப் படங்களை அழித்த செயலுக்கு வறுமை எந்த வகையிலும் சமாதானமல்ல.

ஆனால் அவரைத் தண்டிக்கப் பிலிப்பைன்ஸில் சட்டம் இருக்கவில்லை. கடனட்டை மோசடிகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டத்தை இழுத்துப் பொருத்தப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. வைரஸ் பரப்புவதைக் குற்றமாக்கும் இலத்திரனியல் வர்த்தகச் சட்டம் 2000 ஜூன் 14ஆம் திகதி கையெழுத்தானது. எனினும் செயல் நடந்தபின் இயற்றப்பட்ட சட்டத்தைக் கொண்டு எவரையும் தண்டிக்க முடியாது என்பதால், ஓகஸ்டில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. உலகமே கொதித்த வேளையிலும் அந்தக் கோட்பாடு காக்கப்பட்டது. அதை நான் மெச்சுகிறேன். சட்டம் பின்னோக்கிப் பாயக்கூடாது. அது நாகரிகத்தின் அடித்தளங்களுள் ஒன்று.

அதே நாட்டில் அந்தக் கோட்பாட்டுக்குப் பின்னர் நேர்ந்த கதியையும் சொல்ல வேண்டும். 2012 செப்டெம்பரில் பிலிப்பைன்ஸ் விரிவான இணையக் குற்றச் சட்டமொன்றை இயற்றியது. கணினிக்குள் அத்துமீறுவோரையும் தரவுகளை அழிப்போரையும் தண்டிக்கும் அச்சட்டத்துக்குள், இணையவழி அவதூறு என்ற பிரிவும் செருகப்பட்டது. ‘ராப்ளர்’ செய்தித் தளத்தின் ஆசிரியர் மரியா ரெஸா அதில் சிக்கினார். வழக்குக்குரிய கட்டுரை வெளியானது 2012 மே மாதம். சட்டம் பிறப்பதற்கு முன்னர். ஆனால் 2014இல் அக்கட்டுரையில் ஒரு சொல்லின் எழுத்துப்பிழை திருத்தப்பட்டிருந்தது. அந்தத் திருத்தம் புதிய வெளியீட்டுக்குச் சமம் என்று கொண்டு, 2020 ஜூன் 15ஆம் திகதி மணிலா நீதிமன்றம் அவரையும் கட்டுரையை எழுதியவரையும் குற்றவாளிகளாகக் கண்டது. 2021இல் ரெஸாவுக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரது தண்டனையை உறுதிசெய்தது.

கோடிக்கணக்கான கணினிகளை நாசமாக்கியவனின் விடயத்தில் பின்னோக்கிப் பாய மறுத்த சட்டம், ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திய பத்திரிகையாளரின் விடயத்தில் அதற்கான வழியைக் கண்டுபிடித்தது. ஒவ்வொரு நாளும் பிழை திருத்தியே வாழ்நாளைக் கழித்த என் போன்றவர்களுக்கு இது வேறெவரையும் விட நன்றாகப் புரியும்.

நம் வீட்டுக் கதவு

இதையெல்லாம் மணிலாவின் கதையென்று ஒதுக்கிவிட முடியுமா? இலங்கை 2007இல் கணினிக் குற்றங்கள் சட்டத்தை இயற்றியது. 2001 நவம்பரில் கைச்சாத்துக்காகத் திறக்கப்பட்ட புடாபெஸ்ட் இணையக் குற்ற உடன்படிக்கையில் 2015இல் இணைந்து, தெற்காசியாவில் அவ்வாறு இணைந்த முதலாவது நாடாகவும் ஆனது. காகிதத்தில் எல்லாம் அழகாகவே இருக்கிறது.

2023 ஓகஸ்டில் அரச முகில் கணினி வலையமைப்பைக் கப்பம் கோரும் மென்பொருளொன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச களப்பெயரைப் பயன்படுத்திய சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளப்பெற முடியாதவாறு அழிந்தன. காரணம் என்ன? அக்காலப்பகுதிக்குரிய காப்புப்பிரதி இருக்கவில்லை. மின்னஞ்சல் வழங்கியில் இயங்கிய மென்பொருள் காலாவதியான பழைய பதிப்பு. அதைப் புதுப்பிக்கும் திட்டம் நிதியின்மையால் தள்ளிப்போடப்பட்டிருந்தது. இங்கும் எந்த எழுதுவினைஞர் எந்த இணைப்பைச் சொடுக்கினார் என்று தேடினால், தேடுபவரைப் பார்த்து நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றே: ஒரு சொடுக்கினால் ஓர் அரசாங்கத்தின் நூறு நாள் கடிதங்கள் அழியும் என்றால், அந்த அரசாங்கத்தின் வீட்டைக் கட்டியவர் யார்?

அதன் பின்னர் ஐந்து மாதங்களில் பாராளுமன்றம் என்ன செய்தது? 2019இல் வரைவு வெளியிடப்பட்ட இணையப் பாதுகாப்புச் சட்டமூலம் அப்போதும் சட்டமாகியிருக்கவில்லை. 2024 ஜனவரியில் அவசரமாக நிறைவேறியது நிகழ்நிலைக் காப்புச் சட்டம். எந்தக் கூற்று பொய்யானது என்று தீர்மானிக்கும் ஆணைக்குழுவொன்றை அது ஏற்படுத்தியது. கடிதங்களைக் காக்கத் தெரியாதவர்கள், கடிதம் எழுதுபவர்களைக் கண்காணிக்கக் கிளம்பினார்கள். 2000 மே 3ஆம் திகதியின் கத்தரிக்கோலை அறிந்தவர்களுக்கு இந்தக் கரிசனையின் வாசனை புதிதல்ல.

பாவனையாளர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. வீதியைக் கடக்கும்போது இருபுறமும் பார்ப்பது நம் கடமை. ஆனால் தடையற்ற வாகனத்தை விற்றவனை விட்டுவிட்டு, அடிபட்டவனுக்கு வீதி ஒழுங்கு கற்பிப்பது நீதியல்ல. 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகவரகமும் பல நாடுகளின் முகவரகங்களும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டி, பாதுகாப்பின் சுமை வாங்குபவரிடமிருந்து உற்பத்தியாளருக்கு மாறவேண்டும் என்றது. 2024 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம், இயல்புநிலையிலேயே பாதுகாப்பான அமைப்புடன் பொருட்கள் விற்கப்பட வேண்டும் என்று விதிக்கிறது. அதன் முக்கிய கடப்பாடுகளுக்கு 2027 டிசெம்பர் வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. காதல் கடிதம் எழுதப்பட்ட ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு அப்போது வயது இருபத்தேழு ஆகியிருக்கும்.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று இதை ஏளனம் செய்ய நான் விரும்பவில்லை. பிந்தி வந்தாலும் இதுவே சரியான திசை. இலங்கை அரசாங்கத்துக்கும் தமிழகத்துக்கும் நாம் புலம்பெயர்ந்து வாழும் நாடுகளுக்கும் சேர்த்தே இதைச் சொல்லலாம்: மென்பொருள் வாங்கும்போது அதன் பொறுப்பையும் சேர்த்து வாங்குங்கள். உங்கள் சட்டங்கள் முதலில் கதவு செய்தவனைக் கேள்வி கேட்கட்டும், பின்னர் திருடனைப் பிடிக்கட்டும், எழுதுபவனை விட்டுவிடட்டும்.

அன்று நான் எழுதிய அந்தத் தலைப்பை இன்று திருத்த முடியுமானால், ‘பூட்டில்லாத கதவை விற்றவர்கள் பதில் சொல்வார்களா?’ என்றே எழுதுவேன். மணிலாவில் பிழை திருத்துவதும் குற்றமாகலாம். இந்தப் பிழையையாவது திருத்திவிட்டுப் போகிறேன்.